உப்பு கூடினால், நீர் கூடினால் பாக்டீரியா என்ன செய்கிறது? வரைந்து பார்க்கலாம்

இந்தப் பாடத்தில் புதியவர்களை மிரட்டுவது புரதங்களின் பெயர்கள்தான். பெயர்கள் மெதுவாக வரட்டும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: இந்தப் புரதம் எதை உணர்கிறது?

படி 1: செல்லை வரையுங்கள்

இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் செல் ஒன்றை நீள்வட்டமாக வரையுங்கள். வெளிக்கோடு செல்சுவர், உள்கோடு செல்சவ்வு. உள்ளே பொட்டாசியம், குளூட்டமேட் புள்ளிகளை நெருக்கமாகவும் வெளியே குறைவாகவும் வையுங்கள். அதனால்தான் நீர் எப்போதும் உள்ளே வரப் பார்க்கிறது. சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறது.

படி 2: நீரை ஊற்றுங்கள்

வெளிப்புள்ளிகளை அழித்துவிடுங்கள். உப்புக் கரைசலில் வாழ்ந்த செல் திடீரென நல்ல நீரில் விழுந்துவிட்டது. நீர் உள்ளே பாய்கிறது, சவ்வு இழுபடுகிறது. புதிதாகப் புரதம் தயாரிக்க நேரமே இல்லை. சவ்வில் ஏற்கெனவே காத்திருப்பவைதான் காப்பாற்ற வேண்டும்.

சவ்வில் இரண்டு வால்வுகள் வரையுங்கள். சிறியது எம்எஸ்சிஎஸ், பெரியது எம்எஸ்சிஎல். இழுவிசை ஏறும்போது சிறியது முதலில் திறக்கும். சவ்வு கிழியப்போகும் அளவை நெருங்கினால்தான் பெரியது திறக்கும். அதன் ஐந்து துணை அலகுகளும் கேமரா கருவிழித் துளைபோலச் சாய்ந்து விலக, ஏறத்தாழ 3 நானோமீட்டர் அகலத் துளை உண்டாகிறது. பொட்டாசியமும் சிறு மூலக்கூறுகளும் வெளியேற, நீரின் வேகம் தணிகிறது. எல்லாம் மில்லிநொடிக் கணக்கில்!

சரி, வால்வைத் திறக்கச் சொல்வது யார்? யாருமில்லை. 1994இல் சுகரெவ், கங் உள்ளிட்ட குழு எம்எஸ்சிஎல் புரதத்தைப் பிரித்தெடுத்து அதன் மரபணுவையும் கண்டறிந்தது. வேறு புரதம் எதுவும் இல்லாத வெறும் லிப்பிட் (கொழுப்பு) சவ்வில் வைத்தாலும், இழுத்தால் அது திறக்கிறது. உணர்வதும் செயல்படுவதும் ஒரே புரதம். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது. 1999இல் இயன் பூத் குழு இரண்டு வால்வுகளையும் நீக்கிப் பார்த்தது. ஒன்று இல்லாத செல்கள் பிழைத்தன. இரண்டும் இல்லாதவை நீர் அதிர்ச்சியில் மடிந்தன.

படி 3: உப்பைச் சேருங்கள்

இப்போது வெளியே புள்ளிகளைக் குவியுங்கள். நீர் வெளியேறி, செல் சுருங்குகிறது. முதல் வேலையாக செல் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ஆனால் அயனி அதிகமானால் புரதங்களுக்குத் தொல்லை. அதனால் அப்புறம் பீட்டைன், புரோலின் போன்ற, தொந்தரவு தராத கரைபொருள்களை உள்ளே சேர்க்கிறது. இ.கோலையில் புரோபி என்ற சவ்வுப் புரதம் இதைச் செய்கிறது. கோரினிபாக்டீரியம் குளூட்டமிக்கம் என்ற இன்னொரு பாக்டீரியாவில் பெட்பி என்ற புரதம்.

பெட்பி உணர்வது சவ்வின் இழுவிசையை அல்ல, செல்லுக்குள் ஏறிய பொட்டாசியத்தை. அதன் சி-முனை வாலை (புரதச் சங்கிலியின் கடைசிப் பகுதியை) வெட்டிவிட்டால் இந்தக் கட்டுப்பாடு போய்விடும். சுற்றியுள்ள லிப்பிட்களின் வகைக்கும் இதில் பங்கு உண்டு.

படி 4: நீங்களே கணியுங்கள்

பீட்டைன் நிறைந்த செல்லை மறுபடி நல்ல நீரில் போட்டால்? படி 2 அப்படியே நடக்கும், பீட்டைனும் வால்வு வழியே வெளியேறும்.

எம்எஸ்சிஎல் சிறு இழுவிசைக்கே திறக்கும்படி மாற்றப்பட்டால்? இத்தகைய திரிபுகளை ஆய்வகங்களில் உருவாக்கியிருக்கிறார்கள். சாதாரண வளர்ச்சியின்போதே பொட்டாசியம் கசிந்து, அந்தச் செல்கள் சரியாக வளர்வதில்லை.