போஸ்ட் சீரியல் பேஸ்பால் அட்டை வாங்குகிறீர்களா? கறுப்புத் துணியில் வைத்துப் படம் கேளுங்கள்

1961 முதல் 1963 வரை அமெரிக்காவின் போஸ்ட் நிறுவன சீரியல் (காலை உணவுத் தானியம்) பெட்டிகளில் அச்சான பேஸ்பால் அட்டைகளை, அதாவது ஆட்டக்காரர் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளை, இணையத்தில் வாங்குவதற்கு முன், அட்டையைக் கறுப்புத் துணிமேல் வைத்து எடுத்த படம் ஒன்றை விற்பவரிடம் கேளுங்கள். நாலு பக்கமும், அட்டையைச் சுற்றி அச்சான கோட்டுக்கு வெளியே மயிரிழை அளவாவது வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள்.

இவை பெட்டியின் அட்டையிலேயே அச்சிடப்பட்டவை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். பின்பக்கம் வெறும் பெட்டி அட்டைதான். கத்தரி உள்ளே ஓடி, சுற்றியுள்ள மெல்லிய கோட்டைத் தின்றுவிட்டால் மதிப்பு சரிந்துவிடும். வெள்ளை மேசைமேல் எடுத்த படத்தில் இந்தக் குறை சுலபமாக மறைந்துவிடும். கோணல்மாணலாக, அகலமாக வெட்டியதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். கோடு முழுசாக இருந்தால் அது நல்ல அட்டை, பல நேரம் மலிவாகவும் கிடைக்கும். அழகுபடுத்துகிறேன் என்று நீங்களும் கத்தரியை எடுக்காதீர்கள். அட்டைகளை வெட்டி எடுக்காத முழுப் பெட்டிப் பக்கம் கையில் சிக்கினால் அதை அப்படியே விட்டுவையுங்கள்.

இன்னொரு சீரியல் நிறுவனமான கெல்லாக்ஸ் 1970இல் தொடங்கிய முப்பரிமாண அட்டைகளுக்கு இது பொருந்தாது. அவை ஆலையிலேயே வெட்டப்பட்டு, பெட்டிக்குள் போடப்பட்டவை. அங்கே சிக்கல், வரிவரியான பிளாஸ்டிக் மேற்பரப்பில் விழும் விரிசல். அதற்கு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த படம் வேண்டும். சுருண்டிருந்தால் கையால் நிமிர்த்தாதீர்கள், பிளந்துவிடும்.