லேயில் இறங்கிய முதல் 48 மணி நேரம்

லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு.

உடல் உடனே மூச்சை வேகப்படுத்தும். கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடையும். இதைச் சிறுநீரகம் சரிக்கட்ட இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அடிக்கடி சிறுநீர் வருவது இதனால்தான், பயப்பட வேண்டாம். தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, திடுக்கென்று விழிப்பதும் சகஜம்.

விமானத்தில் போனால் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வு. மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. உயர நோயைத் தடுக்கும் மாத்திரையான அசெட்டசோலமைடு 125 மி.கி., முந்தைய நாளிலிருந்தே காலை, மாலை. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. கர்துங்லா கணவாய் (5,359 மீட்டர்) மூன்றாம் நாளுக்கு முன் வேண்டாம்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல்நுனி ஆக்சிமீட்டரில் 85–90 சதவீதம் காட்டினால் பதற வேண்டாம். கை சில்லிட்டிருந்தால் எண் பொய் சொல்லும். தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண்ணைவிட ஆளைக் கவனிப்பதே மேல்.

தலைவலியோடு குமட்டலா? மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நுரை கலந்த சளி என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குதிகாலை மறுகால் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீக்கமாக இருக்கலாம். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது: ஆக்சிஜன் கொடுத்தபடியே உடனே கீழே இறக்குங்கள். லேயிலேயே என்றால் நேராக மருத்துவமனைக்கு. சாலை வழியே கீழே போக, முதலில் கணவாய் ஏற வேண்டியிருக்கும்.