சளி மாத்திரை வாங்கினால் முதலில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

போன ஐப்பசி மழையில் அம்மாவுக்குச் சளி பிடித்துக் காய்ச்சலும் வந்துவிட்டது. அப்பா தெருமுனை மெடிக்கலுக்குப் போய் "காய்ச்சல், மூக்கடைப்பு, உடம்பு வலி" என்று சொல்லி இரண்டு வகை மாத்திரை வாங்கி வந்திருந்தார். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று. காய்ச்சல் மாத்திரை நாளைக்கு நான்கு, சளி மாத்திரை நாளைக்கு மூன்று என்று அம்மா தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் ஊர் போய்ச் சேர்ந்தேன். மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது அட்டையின் பின்பக்கம் கண்ணில் பட்டது. காய்ச்சல் மாத்திரையில் பாராசிட்டமால் 650 மி.கி. சளி மாத்திரையிலும் அதே பாராசிட்டமால், 500 மி.கி. கூட்டிப் பார்த்தேன்: 2600, அதோடு 1500. ஒரு நாளைக்கு 4100 மி.கி. நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களே 24 மணி நேரத்தில் 4000 மி.கி.யைத் தாண்டக்கூடாது. அம்மாவின் எடை 43 கிலோ. 50 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கு டாக்டர்கள் அளவை இன்னும் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

உடனே எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். இரண்டையும் நிறுத்தச் சொன்னார், மறுநாள் காலையிலேயே கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். முடிவு சரியாக இருந்தது. ஆனால் அது வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அந்த வாரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன செய்கிறோமோ அதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கடையிலேயே கேட்க வேண்டியது

பிரஷர், சுகர், கல்லீரல், சிறுநீரகத் தொந்தரவு, கர்ப்பம் எது இருந்தாலும் மருந்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். வேறு என்ன மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். "சளிக்கு ஏதாவது கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நான்கு மருந்து கலந்த கூட்டு மாத்திரைதான்.

படி 2: கத்தரித்த அட்டை

நாங்கள் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர்க் கடைகளில் ஆறு மாத்திரை கேட்டால் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, பழுப்புக் கவரில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதிக் கொடுப்பார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. அது புரிகிறது. ஆனால் மருந்தின் பெயர், உள்ளடக்கம், காலாவதித் தேதி எல்லாம் பல நேரம் கடையிலேயே தங்கிவிட்ட துண்டில் இருக்கும். நம் கையில் வருவது பளபளக்கும் வெள்ளித் தாளும் பாதி எழுத்தும்தான். அப்பா வாங்கி வந்த சளி மாத்திரைத் துண்டில் பாராசிட்டமால் என்ற சொல்லின் கடைசி நான்கு எழுத்துதான் மிச்சம் இருந்தது. காய்ச்சல் மாத்திரையைப் பற்றித் தெரிந்திருந்ததால் நான் ஊகித்தேன். அம்மாவால் எப்படி ஊகிக்க முடியும்?

எனவே முடிந்தால் முழு அட்டையாக வாங்குங்கள். வெட்டித்தான் தருவார்கள் என்றால், வெட்டுவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. கேட்டால் கடைக்காரரே பிடித்துக் காட்டுவார். கவரில் எழுதும்போது மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். காலாவதி என்று மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம்.

படி 3: பின்பக்கத்தைப் படிப்பது

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். நமக்கு வேண்டியது பின்னால் பொடி எழுத்தில் 'ஈச் டேப்லெட் கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் பகுதி. எழுத்து சின்னதாக இருந்தால் போன் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். சளி மாத்திரைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் கொஞ்சம்தான்.

பாராசிட்டமால், காய்ச்சலுக்கும் வலிக்கும். குளோர்பெனிரமின், செட்டிரிசின் போன்றவை மூக்கு ஒழுகுவதற்கும் தும்மலுக்கும். இவற்றில் குளோர்பெனிரமின் நன்றாகத் தூக்கம் வரவைக்கும். செட்டிரிசினிலும் சிலருக்குத் தூக்கம் வரும். போட்டுவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. பினைலெப்ரின் மூக்கடைப்புக்கு என்று சேர்ப்பது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் வறட்டு இருமலுக்கு. அம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின் சளியை இளக்க.

பினைலெப்ரினைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, வாய்வழியாக எடுக்கும் பினைலெப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு அதை டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று அந்த அமைப்பே முன்மொழிந்தது. நம் கடைகளில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது. பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக்கூடாத மருந்து அது. பயனும் இல்லாமல் ஆபத்தை மட்டும் ஏன் விழுங்க வேண்டும்?

என் விருப்பம் இதுதான்: கூட்டு மாத்திரையே வேண்டாம், ஒரு மருந்து மட்டும் உள்ள மாத்திரையாக வாங்குங்கள். காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால். மூக்கு ஒழுகினால் ராத்திரி ஒரு செட்டிரிசின். காய்ச்சல் விட்டதும் முதலாவதை நிறுத்திவிடலாம். கூட்டு மாத்திரையில் அப்படிப் பிரித்து நிறுத்த முடியாது. மூக்குக்காகப் போடும்போது தேவையில்லாத பாராசிட்டமாலும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

படி 4: கூட்டி எழுதுங்கள்

மருந்து நேரத்துக்குச் செயலிகள் நிறைய இருக்கின்றன, இரண்டு போட்டுப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது பிரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள்தான். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், அப்பா கொடுத்தாரா நான் கொடுத்தேனா என்ற குழப்பமே வராது. நேரம், மருந்து, மி.கி., அப்போதைய காய்ச்சல் என்று நான்கு கட்டம் போட்டால் போதும். காய்ச்சல் பார்க்க டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். பாதரசம் உள்ளது உடைந்தால் பெருக்கி எடுக்கவே முடியாது.

பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 500 அல்லது 650, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஆறு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. தினமும் குடிப்பவர்கள், மிக ஒல்லியானவர்கள், கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள் தங்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்று அன்று டாக்டர் சொன்னது மனதில் நின்றுவிட்டது. பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சாக மாறும். கல்லீரலில் உள்ள குளுட்டாதையோன் அதை முறித்துவிடும். அளவு கூடும்போது குளுட்டாதையோன் தீர்ந்துபோய் நச்சு கல்லீரலையே தாக்கும். முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. கொஞ்சம் குமட்டல் இருக்கலாம், அவ்வளவுதான். இதற்கு அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. அளவு மீறிய எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். ஆகவே அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

படி 5: குழந்தைகள்

பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமாலின் அளவை வயதைவிட எடையை வைத்துக் கணக்கிடுவதே சரி: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. குழந்தைக்கு இப்போது என்ன எடை என்பதைச் சொல்லி டாக்டரிடம் மில்லி அளவில் எழுதி வாங்குங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே பெயரில் மூன்று அடர்த்தியில் பாட்டில் வரும். 5 மில்லியில் 120 அல்லது 125 மி.கி. உள்ளது, 5 மில்லியில் 250 உள்ளது, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100. பத்து கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. என்றால், முதல் பாட்டிலில் அது கிட்டத்தட்ட 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் 1.5 மில்லி. போன தடவை 6 மில்லி கொடுத்தோமே என்று சொட்டு மருந்தில் 6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு. ஆகவே பாட்டில் மாறினால் அளவும் மாறும் என்று மூடியிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சுதான் சரி.

இருமல் சிரப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். அந்தச் சமயத்தில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதக்கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2023-லேயே சொல்லியிருந்தார்கள். சின்னக் குழந்தைக்கு மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமலுக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது.

படி 6: மூக்குச் சொட்டு

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு சட்டென்று மூக்கைத் திறந்துவிடும். மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் சொட்டு விடாவிட்டாலே மூக்கு அடைத்துக்கொள்ளும், அதற்காக மறுபடி சொட்டு விட வேண்டியிருக்கும். பாட்டிலைத் திறந்த தேதியை மேலே எழுதிவிடுங்கள்.

படி 7: கடையில் கொடுத்தாலும் வாங்கக்கூடாதவை

அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அப்படிப்பட்டதுதான். சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது.

இன்னொன்று, மழைக்காலத்தில் வரும் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அது இல்லை என்று உறுதியாகும்வரை இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை எதுவும் வேண்டாம். ரத்தக்கசிவுக்கு வழி வகுக்கும். குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் எப்போதுமே கூடாது.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், மூச்சு வாங்கினாலும், ஈறில் ரத்தம் வந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், வயிறு விடாமல் வலித்தாலும் வீட்டு வைத்தியத்தை அதோடு நிறுத்திவிடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், தன் அம்மா முழங்கால் வலிக்குப் போடும் மாத்திரையிலும் பாராசிட்டமால் இருந்ததாக எழுதியிருந்தார். நான் இதை யோசிக்கவே இல்லை. அசெக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் சேர்ந்த வலி மாத்திரைகள் நம் வீடுகளில் ரொம்பச் சாதாரணம், பெயருக்குப் பின்னால் பல நேரம் 'பி' என்று ஒட்டியிருக்கும். பிரிட்ஜ் தாளில் அதையும் கூட்டுங்கள்.

இன்னொருவரின் அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம். சளி மாத்திரை போட்ட அன்றிரவு சிறுநீர் சுத்தமாக அடைத்துவிட்டது. குளோர்பெனிரமின் இப்படிச் செய்யக்கூடியதுதான். வயதான ஆண்களுக்கு வாங்கும்போது படி 1-இல் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை சேர்த்தது

அமெரிக்காவிலிருந்து அக்கா கொண்டுவந்த டைலினால் என்ற காய்ச்சல் மாத்திரை பாட்டிலில் பாராசிட்டமால் என்று எங்கேயும் இல்லையே, அதை இதோடு சேர்த்துப் போடலாமா என்று ஒரு கேள்வி வந்தது. கூடாது. அங்கே அதற்குப் பெயர் அசிட்டமினோஃபென், இரண்டும் ஒன்றே. அங்கிருந்து வரும் நைக்வில், டேக்வில் போன்ற சளி மருந்துகளிலும் அது உண்டு. எங்கள் பிரிட்ஜ் தாளின் தலைப்பில் இப்போது இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.