கடல் சூடாக இருந்தால் போதுமா? புயலின் பலத்தைக் கணிப்பதில் நடக்கும் தவறுகள்

நவம்பர் பிறந்ததும் வங்கக்கடலின் வெப்ப வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். "கடல் 29 டிகிரி, இந்தப் புயல் பயங்கரமா இருக்கும்" என்று கூடவே ஒரு வரி. முதல் தவறு இதுதான். புயல் உருவாக கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் ஜூலை, ஆகஸ்டிலும் வங்கக்கடல் 28 டிகிரிக்குக் குறையாமல்தான் கிடக்கிறது. அப்போது பெரும்புயல் ஏன் அபூர்வம்?

முக்கியக் காரணம் காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கீழ்மட்டத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும். 12 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர் எதிராக, கிழக்கிலிருந்து வேகமாகப் பாயும். புயலின் அடியும் உச்சியும் ஆளுக்கொரு திசையில் இழுபட்டால் சுழல் சாய்ந்துவிடும். மையத்துக்கு மேலே சேர வேண்டிய வெப்பம் கலைந்துபோகும். வானிலை ஆர்வலர்கள் 'காற்று முறிவு' என்பது இதைத்தான். மேல், கீழ் காற்றுகளுக்கு இடையிலான வேறுபாடு மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் இருந்தால் புயலுக்கு வசதி. 40-ஐத் தொட்டால் பெரும்பாலும் திணறிவிடும்.

இந்த முறிவை மட்டும் தனியாகப் பார்ப்பதும் தவறு. அதன் கூட்டாளி வறண்ட காற்று. சுழல் சாய்ந்ததும் பக்கவாட்டில் வழி கிடைத்து வறண்ட காற்று உள்ளே நுழைகிறது. மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் அதில் ஆவியாகின்றன. அதனால் குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கி, புயலுக்குத் தீனி போடும் ஈரமான, வெப்பமான காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

2013 டிசம்பரில் வந்த 'மாதி' இதற்கு நல்ல உதாரணம். நடுக்கடலில் மிகத்தீவிரப் புயலாக இருந்தது. வடக்கே போய், யாருக்கோ பயந்ததுபோல் தென்மேற்காகத் திரும்பியது. அங்கே கடல் மேற்பரப்புக்குக் கீழே சேர்ந்திருக்கும் வெப்பம் குறைவு. மேலே முறிவு, பக்கத்தில் வறண்ட காற்று. டிசம்பர் 12 அன்று வேதாரண்யம் அருகே கரை ஏறியபோது அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்.

கடல் சூடேறும் அளவுக்கு அப்படியே புயலும் வலுக்கும் என்ற கணக்கும் சரியல்ல. ஒரு புயல் அதிகபட்சம் எவ்வளவு வலுக்கலாம் என்பதைக் கடலின் வெப்பத்துக்கும், உச்சியில் காற்று வெளியேறும் இடத்தின் குளிருக்கும் உள்ள இடைவெளி தீர்மானிக்கிறது. அமெரிக்க வானிலை விஞ்ஞானி கெர்ரி இமானுவேல் 1980-களில் இந்த வரம்பைக் கணக்கிட்டுக் காட்டினார். மேல் வளிமண்டலமும் சேர்ந்து சூடானால் அந்த இடைவெளி நாம் நினைக்கும் அளவுக்கு விரியாது. பெரும்பாலான புயல்கள் அந்த வரம்பின் பக்கம்கூடப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

அதற்காக, "கரைக்கு வந்தால் எப்படியும் வலுவிழக்கும்" என்று இருந்துவிடவும் முடியாது. 2018-இல் கஜா கரையை நெருங்கும்போதுதான் வலுத்தது. டெல்டா மாவட்டங்களில் சாய்ந்த தென்னைகளே அதற்குச் சாட்சி.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, வலுவிழந்த புயல் என்றால் மழையும் குறைவு என்று நினைப்பது. புயல், தீவிரப் புயல், மிகத்தீவிரப் புயல் என்ற பெயர்கள் காற்றின் வேகத்துக்கு வைத்தவை. மணிக்கு 62, 89, 118 கிலோமீட்டர் என்று எல்லைகள் உண்டு. அதில் மழைக்கு மதிப்பெண்ணே கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெங்கல், இவற்றில் மிகக் கீழ்ப் படியான வெறும் 'புயல்' வகையில்தான் இருந்தது. ஆனால் அதை நகர்த்தும் காற்று பலவீனமாக இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்புறம் நிலத்துக்குள் போய்த் தாழ்வு மண்டலமாக இறங்கிய பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது.

வானிலை அறிக்கையில் காற்றுக்கான எச்சரிக்கையும் மழைக்கான எச்சரிக்கையும் தனித்தனியாகவே இருக்கும். "வலுவிழந்தது" என்ற செய்தி முதலாவதற்குத்தான்.