டப்பா சூப்பில் உப்பைப் பாருங்கள்

வெளிநாட்டுப் பிள்ளைகள் கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வரும்போது இறக்கிவிட்டுப் போகும் டப்பா சிக்கன் நூடுல் சூப்பைத் திறக்கும் முன், பின்பக்கம் சோடியம் (உப்பில் இருப்பது) எவ்வளவு என்று பாருங்கள்; அங்கே பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் ஒரு கப்புக்கான கணக்கு, முழு டப்பாவுக்கு அல்ல. பல டப்பாக்களில் ஒரு கப்பிலேயே 600 மில்லிகிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ நாளுக்கே 2000-க்குள்.

சரி, வந்ததை வீணாக்க வேண்டாம். பாதி டப்பாவில் தண்ணீரைக் கூட்டி, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, வேகவைத்த பாசிப்பயறு, உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்துப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். மிளகும் எலுமிச்சையும் போதும். தொட்டுக்கொள்ள அப்பளம், ஊறுகாய் கூடவே கூடாது (அதுவும் உப்புதானே!). அப்புறம், மீதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.