இலங்கை ரூபாய்க் கணக்கு: டாலரை நடுவில் வைத்து வகுப்பதற்கு முன்

மண்ணடி, பாரிமுனைப் பக்கம் கொழும்பு வியாபாரத்தின் பழைய நிலுவையைத் தூசு தட்டும்போதும் சரி, எம்.காம். ஆய்வேட்டுக்கு ஐம்பது வருஷ வரைபடம் போடும்போதும் சரி, புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் மாறுவதே இல்லை. எண்ணை மாற்றித் தட்டுவது, தேதி புரண்டுபோவது எல்லாம் தானாகவே கண்ணில் பட்டுவிடும். படாதவை சில உண்டு.

இந்தியாவில் தினமும் வெளியாகும் ரெஃபரன்ஸ் ரேட் (பிற நாணயங்களுக்கான அடிப்படை விலை) வரிசையில் இலங்கை ரூபாய் கிடையாது. அதனால் இலங்கை ரூபாயை நம் ரூபாயாக்க, இலங்கையின் டாலர் ரேட்டை இந்தியாவின் டாலர் ரேட்டால் வகுத்துத்தான் ஆக வேண்டும். வகுத்தல் சுலபம். எந்த எண்ணை வகுக்கிறோம் என்பதில்தான் வம்பு.

அறிவித்த ரேட்டில் டாலர் கிடைத்தது என்று நம்புவது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த ஆய்வேட்டில் அப்படியே வந்து நிற்கிறது.

2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் முதல் வாரம் வரை இலங்கை மத்திய வங்கி டாலரை 200–203 ரூபாயில் பிடித்து வைத்திருந்தது. அந்த விலைக்கு வங்கியில் டாலர் கிடைக்காமல் இறக்குமதியாளர்கள் காத்துக் கிடந்தார்கள். உண்டியல்காரர்கள் (வங்கிக்கு வெளியே பணம் மாற்றி அனுப்புபவர்கள்) 240-ஐ ஒட்டிக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வங்கி வழியாக அனுப்பும் டாலருக்கு 10 ரூபாய் கூடுதலாகத் தரும் நிலைக்கு மத்திய வங்கியே வந்தது. ரேட் சரியாக இருந்திருந்தால் ஊக்கத்தொகைக்கு என்ன வேலை?

இதைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் கொழும்பிலிருந்து 10 லட்சம் இலங்கை ரூபாய் வர வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். 202-ஐ 75-ஆல் வகுத்தால் ஓர் இந்திய ரூபாய்க்கு 2.69 இலங்கை ரூபாய். ஏட்டில் சுமார் 3.71 லட்சம் என்று ஏறும். பணம் மே நடுவில் வந்தால் டாலர் அங்கே 360, இங்கே 77.50; விகிதம் 4.65, கைக்கு 2.15 லட்சம். நஷ்டம் 1.56 லட்சம், எல்லாம் மார்ச் சரிவால் வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். 240-ஐப் போட்டுப் பாருங்கள்: விகிதம் 3.20, தொகை 3.12 லட்சம். ஆக, 59 ஆயிரம் சரிவில் போகவில்லை; ஏட்டில் ஏற்றிய அன்றே அது இல்லாத பணம்.

இதே கூத்து முன்பும் ஒன்பது வருஷம் நடந்திருக்கிறது. 1968 மே மாதம் இலங்கை அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. அறிவித்த டாலர் ரேட் 5.95. அரிசி, மாவு போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும், தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் அது. மற்றவர்கள் டாலர் வாங்கச் சான்றிதழுக்காக முதலில் 44 சதவீதமும் பின்னாளில் 65 சதவீதமும் மேலே வைத்துக் கொடுத்தார்கள். 1977 நவம்பரில் இரண்டையும் ஒன்றாக்கி டாலரை 16 ரூபாய் ஆக்கியபோது, அறிவித்த ரேட்டை மட்டும் வரைந்த கோடு செங்குத்தாக எகிறும். சான்றிதழ் விலையையும் பக்கத்தில் வரைந்தால் அந்த எகிறலில் பெரும் பகுதி முன்பே நடந்துவிட்டது தெரியும்.

சந்தேகம் எப்போது வர வேண்டும்? ரேட் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது; ஊக்கத்தொகை, சான்றிதழ், வகைக்கொரு ரேட் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும்போது. அங்கே அட்டவணையில் ஒரு பத்திக்குப் பதில் இரண்டு பத்தி போடுங்கள்: அறிவித்தது, உண்மையில் கொடுத்தது. தேயிலை விற்றவரின் கணக்கா, மோட்டார் உதிரிபாகம் இறக்கியவரின் கணக்கா என்று பார்த்த பிறகு எந்தப் பத்தி என்று முடிவு செய்யலாம்.

1966–67-ஐத் ‘திருத்துவது’

1966 ஜூன் 6 வரை இரண்டு ரூபாயும் சமம், டாலருக்கு 4.76. அன்று இந்தியா 7.50-க்கு இறங்கியது, இலங்கை இறங்கவில்லை. ஓர் இலங்கை ரூபாய் 1.575 இந்திய ரூபாய் ஆனது. 1967 நவம்பரில் பவுண்டோடு சேர்ந்து இலங்கையும் 20 சதவீதம் இறங்கியதும் 1.26. இன்றைய பழக்கத்தில் இதைப் பார்ப்பவர்கள் எண் தலைகீழாக இருக்கிறது என்று புரட்டிப் போட்டுவிடுகிறார்கள். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய குடும்பத்தின் பழைய சேமிப்பை மதிப்பிடுபவர் அப்படிப் புரட்டினால், 1,000 ரூபாய் 1,575 ஆவதற்குப் பதில் 635 ஆகிவிடும்.

சராசரியைத் தலைகீழாக்குவது

ஓர் இந்திய ரூபாய்க்கு அரை வருஷம் 2.70, அரை வருஷம் 4.50 இலங்கை ரூபாய் என்றால் சராசரி 3.60. அதைப் புரட்டினால் ஓர் இலங்கை ரூபாய்க்கு 27.8 பைசா. ஒவ்வொன்றையும் முதலில் புரட்டி, பிறகு சராசரி எடுத்தால் 29.6 பைசா. எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கமே தினசரி எண்ணை வைத்துக்கொண்டு சராசரி எடுங்கள்.

போயா

போயா என்பது பௌர்ணமி; பௌர்ணமிதோறும் கொழும்பில் வங்கி விடுமுறை. அன்று புது ரேட் வராது. இங்கே வரும். முந்தைய நாள் எண்ணை இழுத்து நிரப்பினால் இல்லாத ஏற்ற இறக்கம் முளைக்கும். இரண்டு பக்கமும் ரேட் வெளியான நாட்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். சென்னை விடுமுறைப் பட்டியலைப் பார்த்துப் பயனில்லை. நம் ரேட் மும்பை நாட்காட்டிப்படி வருகிறது.

வாங்கும் விலையும் விற்கும் விலையும்

வகுக்கும்போது மேலே இலங்கை வங்கியின் விற்கும் விலை, கீழே நம் ரெஃபரன்ஸ் ரேட் என்று கலக்காதீர்கள். இரண்டு நாட்டுக்கும் நடு விலையையே (வாங்கும், விற்கும் விலைகளின் சராசரி) எடுங்கள்.

ஏப்ரலும் ஜனவரியும்

நம் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. இலங்கை மத்திய வங்கியின் ஆண்டுச் சராசரி ஜனவரியில். இரண்டையும் வகுக்காதீர்கள்.

கூகுள் காட்டும் ரேட்

பேச்சுக்குச் சரி. வவுச்சரில் ஒட்டாதீர்கள்.

நடுவிலேயே முழுமையாக்குவது

நான்கு தசமம் கடைசி வரை இருக்கட்டும். தொகைக்கு வந்தபின் பைசாவை வெட்டுங்கள்.