ஸ்பார்க் பிளக் கழற்றச் சரியான பாக்ஸ் ஸ்பேனர்

மோட்டார் சைக்கிள் பிளக்கைக் கழற்ற ஸ்பேனர் வாங்கும் முன், அறுகோணத் தலையின் அளவைப் பாருங்கள். மரையின் அளவு வேறு, தலையின் அளவு வேறு. பலர் குழம்புவது இங்கேதான். பொதுவாக 10 மி.மீ. மரை கொண்ட பிளக்குக்கு 16 மி.மீ. ஸ்பேனரும், 12 மி.மீ. மரைக்கு 18 மி.மீ. ஸ்பேனரும் பொருந்தும். 14 மி.மீ. மரை என்றால் பெரும்பாலும் 21 தேவைப்படும். விதிவிலக்குகள் உண்டு; வண்டியின் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

அளவு சரியாக இருந்தும் ஸ்பேனர் உள்ளே இறங்காமல் போகலாம். பிளக் குழி குறுகலானது; கார்களுக்கான தடித்த சாக்கெட் அதன் சுவரில் இடிக்கும். நானும் அப்படி ஒன்றை வாங்கி, இன்றுவரை பெட்டியில் வைத்திருக்கிறேன்! சுவர் மெலிந்த, நீளமான குழாய் வடிவ பாக்ஸ் ஸ்பேனரே உதவும். உள்ளே ரப்பர் வளையம் இருந்தால் இன்னும் நல்லது; பிளக்கைக் கவ்வித் தூக்கிவிடும். வண்டியுடன் வந்த கருவிப் பையை முதலில் துழாவுங்கள், பல வண்டிகளில் இது அங்கேயே இருக்கும்.

என்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். குழியிலுள்ள மண்ணை முதலில் ஊதி அகற்றிவிடுங்கள். புதிய பிளக்கை முதல் சில சுற்றுகள் கையாலேயே திருகுங்கள். இறுகினால் உடனே நிறுத்துங்கள். மரை கோணலாக ஏறியிருக்கிறது.